ஆர்எக்ஸ் 135 ஸ்டார்ட் ஆகவில்லையா? நின்ற விதத்தை முதலில் சொல்லுங்கள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் பைக்கை மண் பாதை ஓட்டத்துக்கு மாற்றி வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் எழுதுகிறேன். என்னுடையது 132 சிசி ஆர்எக்ஸ் 135. லைட், மீட்டர் எல்லாம் கழற்றியாகிவிட்டது. ஆயில் பம்ப்பையும் எடுத்துவிட்டு, பெட்ரோலிலேயே 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலந்து ஓட்டுகிறேன். போன மாதம் பொள்ளாச்சி பக்கம் தோப்புப் பாதையில் நன்றாக இழுத்துக்கொண்டிருந்த வண்டி, ஒரு திருப்பத்தில் பட்டென்று நின்றுவிட்டது. உதைத்தால் ஒரு இருமல்கூட இல்லை.

கூட வந்தவர்கள் உடனே கார்ப்பரேட்டரைக் கழற்றச் சொன்னார்கள். டூ ஸ்ட்ரோக் நின்றால் எல்லோர் கையும் அங்கேதான் போகும். நான் வேண்டாம் என்றேன். பெட்ரோல் வராத வண்டி அப்படி நிற்காது. கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதை இழுத்து, திணறி, கொஞ்சம் உயிர் வந்து, அப்புறம்தான் அடங்கும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) போகிற வண்டியோ வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். காலையில் கூடுதலாக உதைக்க வேண்டியிருக்கும், மேட்டில் இழுவை குறையும். பிஸ்டன் சிலிண்டரில் சிக்கிப் பிடித்தால் பட்டென்றுதான் நிற்கும், ஆனால் பின் சக்கரம் தேய்த்துக்கொண்டு நிற்கும், கிக்கரும் இறங்காது. இது எதுவும் இல்லாமல் நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கரண்டைத்தான்.

பிளக்கைக் கழற்றினேன், முனை ஈரமாக இருந்தது. சரி, பெட்ரோல் வந்திருக்கிறது. பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உடம்பு ஹெட்டில் படும்படி வைத்து உதைத்தோம். பொறி இல்லை. (பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். அதிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும், பொறி பட்டால் தீப்பிடிக்கும்.) வேறு பிளக் போட்டாலும் அதே கதை. அடுத்து, பிளக்குக்குப் பொறியை நேரத்துக்கு அனுப்பும் சிடிஐ பெட்டிக்குப் போகும் கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயரைப் பிடுங்கிவிட்டு உதைத்தோம். நீலமாகப் பொறி அடித்தது!

யமஹாவில் எஞ்சினை அணைப்பது அந்த வயர்தான். அது பாடியில் பட்டால் சாவியைத் திருப்பி அணைத்ததாகவே சிடிஐ எடுத்துக்கொள்ளும். வயரைப் பிடித்துக்கொண்டே போனோம். ஹேண்டில்பாரை முழுக்க இடதுபக்கம் திருப்பும்போது, ஸ்டியரிங் கழுத்தில் அது தேய்ந்திருக்கிறது. மேல் உறை போய், நகத்தின் அளவுக்குச் செம்பு பளபளவென்று தெரிந்தது. டேப் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அகலமான ஹேண்டில்பார் மாற்றியவர்கள் எல்லோரும் இன்றைக்கே அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு பதில்:

அண்ணா, பொறியும் நன்றாக வந்து, வண்டி மட்டும் கிளம்பாத கேஸ் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. ஒரு தம்பி மேட்டில் குதித்து இறங்கியதும் நின்றதாம். பிளக் ஈரம், கம்ப்ரஷனும் கனம். உதைத்தால் சைலன்சரில் ஒரு 'டப்', இல்லையென்றால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. பொறி நேரம் தவறி வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

இடது கவரைத் திறந்து, புல்லர் (கழற்றும் கருவி) போட்டு, கிராங்க்கோடு சுற்றும் காந்தச் சக்கரமான மேக்னட்டை இழுத்தோம். தயவுசெய்து யாரும் சுத்தியலால் தட்டாதீர்கள். கிராங்க் முனையில் இருக்கும் அரைவட்டச் சாவி (சிறு இரும்புத் துண்டு) குறுக்கே வெட்டுப்பட்டு, ஒரு துண்டு மேக்னட் காடியிலும் இன்னொன்று கிராங்க் காடியிலும் உட்கார்ந்திருந்தது. இரண்டு காடியும் ஒன்றுக்கொன்று கொஞ்சம்தான் விலகியிருந்தன. டைமிங் கெட அது போதும்.

புது சாவி மட்டும் போட்டால் மறுபடியும் வெட்டும். மேக்னட்டை இறுக்கிப் பிடிப்பது கிராங்க்கின் கூம்பு முனையும் நட்டும்தான், சாவியின் வேலை இடத்தைக் காட்டுவது. கூம்பில் வால்வு பேஸ்ட் (தேய்ப்புப் பசை) தடவித் தேய்த்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நட்டை நன்றாக இறுக்கிக் கொடுத்தோம்.

தேனியிலிருந்து இன்னொரு பதில்:

எனக்கு நடந்தது வேறு. மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டி, கடைசியாக ஓட்டியபோது எந்தக் குறையும் இல்லை. ஃப்ளோட் கிண்ணத்து ஸ்குருவைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தேன். அடியில் தனியாக ஒரு அடுக்கு தங்கியது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் இறங்கிவிடும். கார்ப்பரேட்டருக்கு முதலில் போவதும் அதுதான். டேங்க்கைக் காலி செய்து, ஜெட்டை ஊதி, புது பெட்ரோல் கலந்து ஊற்றினேன். இருந்தும் பிளக் நனைகிறதே தவிர வண்டி கிளம்பவில்லை, அண்ணா.

முதலில் எழுதிய பொள்ளாச்சிக்காரர்:

தம்பி, உதைத்து உதைத்து கிராங்க் கேஸுக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கும். டேங்க்கின் பெட்ரோல் குழாயை (டேப்) மூடு, பிளக்கைக் கழற்று, சோக் இல்லாமல் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு, துளையில் ஈரம் வருவது நிற்கும்வரை உதை. சாவியை ஆஃபில் வைத்துக்கொள். காய்ந்த பிளக் போட்டு, சாவியை ஆன் செய்து, பெட்ரோல் குழாய் மூடியபடியே ஒருமுறை முயற்சி செய். கிளம்பிய பிறகு, ஆக்சிலரேட்டரை விட்டும் ஆர்பிஎம் தானாக ஏறினால் ஓட்டாதே, உடனே அணைத்துவிடு. அது கிராங்க்கின் இடது முனையில் இருக்கும் ரப்பர் சீல் வழியாகக் காற்று உள்ளே போவதாக இருக்கலாம். நீண்ட நாள் நின்ற வண்டியில் அந்த ரப்பர் காய்ந்துபோகும். அப்படியே ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துவிடும்.