ஹெர்மிஸை மூழ்கடித்தது விமானமா, விதியா?

கல்லடியான்:
1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை மூழ்கடித்தவை ஜப்பானின் ஐச்சி டி3ஏ டைவ் பாம்பர்கள் (பாய்ந்து வந்து குண்டு போடும் விமானங்கள்). நேச நாடுகள் அதற்கு வைத்த பெயர் 'வால்' (Val). நான்கு நாள் முன்புதான் டோர்செட்சயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர் போர்க்கப்பல்களையும் இலங்கைக்குத் தென்மேற்கே முடித்திருந்தன. அந்த வருடத்தின் சிறந்த டைவ் பாம்பர் இதுதான் என்பது என் கட்சி.

ராடார்ப்பிரியன்:
ஹெர்மிஸில் அன்று ஒரு விமானம்கூடக் கிடையாது. குரூசர்களுக்கு மேலேயும் காவல் இல்லை. தடுக்க ஆளில்லாத இடத்தில் அடித்ததெல்லாம் ஒரு சாதனையா?

கல்லடியான்:
ஓடுகிற கப்பல்மேல் குண்டு போடுவது அவ்வளவு லேசா? 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் உயரத்திலிருந்து கொட்டியதில் ஒன்றுகூடக் கப்பல்மேல் விழவில்லை. 'வால்' தலைகுப்புறப் பாயும். இறக்கைக்கு அடியிலுள்ள தடுப்புப் பலகைகள் வேகத்தை அடக்கும். கப்பல் திரும்பினால் விமானியும் குறியைத் திருத்திக்கொள்ளலாம். குரூசர்களை அடித்த எகுசா தகாஷிகேயின் அணி அதில் தேர்ந்தது.

ராடார்ப்பிரியன்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது எகுசாவின் அணி. மிட்வேயில் ஜூன் 4 அன்று ஜப்பானிய விமானந்தாங்கி ஹிர்யூவிலிருந்து 18 'வால்' கிளம்பின. அமெரிக்க விமானந்தாங்கி யார்க்டவுன்மேல் மூன்று குண்டுகள் விழுந்தது உண்மை, ஆனால் திரும்பியவை ஐந்துதான். பெட்ரோல் தொட்டிக்குப் பாதுகாப்பு உறை இல்லை, விமானிக்குக் கவசம் இல்லை, பெரிய குண்டே 250 கிலோதான். அமெரிக்காவின் டைவ் பாம்பர் டான்ட்லெஸ் 450 கிலோ சுமந்துபோய் அன்று காலையிலேயே அகாகி, காகா, சோர்யூ என்ற ஜப்பானிய விமானந்தாங்கிகள் மூன்றையும் எரித்தது.

ஆமைவேகம்:
நடுவில் ஒரு கேள்வி. டான்ட்லெஸ் பாய்ந்தபோது ஜப்பானியக் காவல் விமானங்கள் டார்பிடோ விமானங்களைத் துரத்திக்கொண்டிருந்தன. அப்போ உங்க ஆளுக்கும் மேலே தடுக்க யாருமில்லைதானே?

கல்லடியான்:
அப்படிப் போடுங்க!

ராடார்ப்பிரியன்:
அது அந்த ஒரு காலைக்குத்தான் பொருந்தும். 1944 ஜூனில் பிலிப்பைன் கடல் போரிலும் டான்ட்லெஸ் கப்பலிலிருந்து பறந்தது. தாக்கிவிட்டுத் திரும்பிய இரவு அமெரிக்காவின் புதிய டைவ் பாம்பர்களான ஹெல்டைவர்கள் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்க, இவை பெரும்பாலும் திரும்பிவிட்டன. 'வால்' அப்புறம் தற்கொலைத் தாக்குதலுக்குத்தான் போனது.

கல்லடியான்:
தேர்ந்த விமானிகளை மிட்வேயிலும் அதே வருடம் சாந்தா குரூஸ் கடற்போரிலும் இழந்துவிட்டு, அரைகுறைப் பயிற்சியோடு பையன்களை ஏற்றியது யார்? அந்தக் கணக்கை விமானத்தின் தலையில் எழுதாதீங்க.