உதவி: பாரிசிலயிருந்து வந்த கஷ்கொட்டை – உள்தோல் உரியுதில்லை, பாகில போட்டது கல்லாப் போச்சு

உவர்மலைப்பிள்ளை:

வணக்கம். திருகோணமலையிலயிருந்து எழுதுறன். போன கிழமை பாரிசிலயிருந்து வந்த அக்கா 2 கிலோ கஷ்கொட்டை (இங்கிலீசில செஸ்ட்நட்) கொண்டுவந்தவ. அங்க மரோன் எண்டு சொல்லுவினமாம். குளிர் தொடங்கினால் மெட்ரோ வாசல்ல சுட்டு, கடதாசிச் சுருள்ல போட்டு விக்கிறதை அக்கா எத்தனையோ தரம் போனில சொல்லியிருக்கிறா. அதைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் ஆசை. ஒரு இனிப்பும் ஒரு கறியும் செய்து குடுக்கவேணும் எண்டு நினைச்சன்.

பாக்கப் பலாக்கொட்டை மாதிரி இருந்ததால அதே கைப்பழக்கத்தில சுளகில பரப்பி ஒண்டரை நாள் வெயில்ல வைச்சன். பிறகு மழை பிடிச்சுட்டுது, உள்ள எடுத்தாச்சு. அதுக்குப் பிறகு நடந்தது இதுதான்:

கொஞ்சத்தைத் தாச்சியில போட்டு வறுத்தன். ஒண்டு படாரெண்டு வெடிச்சு ஓடு வரைக்கும் பறந்தது. அம்மா பக்கத்தில நிண்டவ, நல்லாப் பயந்திட்டா. அடுத்த நாள் 40 நிமிசம் அவிச்சு, ஆறவிட்டு உரிச்சுப் பாத்தன். வெளிக்கோது கழண்டுது. உள்ள இருக்கிற மண்ணிறத் தோல் மடிப்புகளுக்குள்ள ஒட்டிப்போய், நகத்தால சுரண்டினாலும் பருப்போட சேந்து உடையுது. அந்தத் தோலோட வாயில வைச்சால் கயர்க்குது. அம்மா துப்பிட்டா. பச்சையா உரிச்ச கொஞ்சத்தைச் சீனிப்பாகில போட்டு ஒரு மணித்தியாலம் காய்ச்சினன், கல்லு மாதிரிக் கிடக்கு. சிலதில பூஞ்சணமும் வரத் தொடங்கிட்டுது.

ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட மிச்சம் இருக்கு. இதையும் பழுதாக்க மனமில்லை. ஆராவது சொல்லுங்கோ.

லாச்சப்பல்வாசி:

தங்கச்சி, சமையல் பிறகு. முதல்ல ஒண்டு கேக்கிறன், அக்காட்ட வடிவா விசாரியுங்கோ. முழுக்கக் கடையில வாங்கினதோ, இல்லாட்டிப் பூங்காவில, ரோட்டோரத்தில பொறுக்கினதும் கலந்திருக்கோ?

இங்க தெருவோரத்தில நிக்கிற இன்னொரு மரத்தின்ர கொட்டையும் அச்சொட்டாக் கஷ்கொட்டை மாதிரித்தான் இருக்கும். அதுக்கும் மரோன் எண்டுதான் சனம் சொல்லும். ஆனா அது வேற மரம், நஞ்சு. சாப்பிட்டால் சத்தி, வயித்தாலடி எண்டு படுத்தும். அவிச்சாலும் வறுத்தாலும் சரிவராது.

ஒவ்வொண்டாக் கையில எடுத்து நுனியைப் பாருங்கோ. சாப்பிடுற கஷ்கொட்டைக்கு நுனி கூராகி, அதில சின்னக் குஞ்சம் ஒண்டு நிக்கும். அனேகமா ஒரு பக்கம் தட்டையா இருக்கும். நஞ்சுக்கொட்டை உருண்டை, நுனியும் இல்லை குஞ்சமும் இல்லை. இதைப் பாத்து முடிக்கும் வரைக்கும் ஒருத்தரும் வாயில வைக்கவேண்டாம்.

உவர்மலைப்பிள்ளை:

ஐயோ அண்ணா, கேட்டது எவ்வளவு நல்லம். கடையில வாங்கினதுதான், ஆனா பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில பொறுக்கினதையும் அதே பைக்குள்ள போட்டிருக்கினம். வெளிச்சத்தில வைச்சுப் பிரிச்சன். நுனி இல்லாத உருண்டை 11 இருந்தது. முந்தி அவிச்சதிலயும் பாகிலயும் என்ன கலந்ததோ தெரியாது, அதனால ரெண்டையும் கொட்டிட்டன். அம்மா விழுங்கேல்லை, சுகமா இருக்கிறா.

லாச்சப்பல்வாசி:

நிம்மதி. இனி மிச்சத்துக்கு வருவம்.

நீங்கள் இதைப் பலாக்கொட்டை எண்டு நினைச்சு நடத்தினதுதான் பிழைச்சது. பலாக்கொட்டை காஞ்சால்தான் தோல் கழரும். கஷ்கொட்டைக்கு ஈரமும் சூடும் வேணும். உள்தோல் சூட்டில மட்டும்தான் விடும், ஆறினால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். கஜூ மாதிரி எண்ணெய்ப் பருப்பும் இல்லை இது. கஜூவில 100 கிராமுக்கு 44 கிராம் அளவில கொழுப்பு, இதில 2 கிராம் அளவுதான். பச்சையில பாதி தண்ணி, மிச்சம் பெரும்பாலும் மாப்பொருள். கிழங்கெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. கிழங்கை வெயில்ல வைச்சால் என்ன ஆகும்? அந்தத் தண்ணி உள்ளுக்க கொதிச்சு ஆவியாகி, வெளிய வர வழியில்லாமல்தான் தாச்சியில வெடிச்சது.

வெயில்ல காஞ்சதால ஒரு மணித்தியாலம் தண்ணியில ஊறவையுங்கோ. மிதக்கிறது பழுதெண்டு சொல்லுவினம், ஆனா காஞ்சதும் மிதக்கும், அதனால வெட்டிப் பாத்து முடிவெடுங்கோ. உள்ள கறுப்போ பச்சையோ படிஞ்சிருந்தால், மக்கின மணம் அடிச்சால் முழுசா எறியவேணும். பழுதை மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைச் சாப்பிடுறது கூடாது.

பிறகு சின்னக் கத்தியால வயித்துப் பக்கத்தில குறுக்க ஒரு கீறல். வெளிக்கோதும் உள்தோலும் சேந்து அறுபடவேணும், பருப்பில ஆழமாப் போகக்கூடாது. கொதிதண்ணியில 6, 7 நிமிசம். இப்பதான் கவனம்: முழுக்க வடிக்கவேண்டாம். அடுப்பைக் குறைச்சு, அகப்பையால நாலைஞ்சு மட்டும் எடுத்து, துணியால பிடிச்சு, கை பொறுக்கிற சூட்டிலயே ரெண்டு தோலையும் ஒண்டா இழுங்கோ. அடம்பிடிக்கிறதைத் திரும்பத் தண்ணிக்குள்ள போடுங்கோ. ரெண்டு பேர் இருந்தால் நல்லம், ஒராள் எடுத்துக் குடுக்க மற்றவர் உரிக்கலாம்.

இனிப்பு கல்லானது சீனியால. வேகாத கஷ்கொட்டை பாகில மெத்தெண்டு வராது. உரிச்சதைப் புதுத் தண்ணியில கத்தி வழுக்கிக்கொண்டு இறங்குற பதத்துக்கு அவியுங்கோ, 20 நிமிசமளவில வரும். சீனி அதுக்குப் பிறகுதான். இங்க மரோன் கிளாசே எண்ட கஷ்கொட்டை இனிப்புச் செய்யிறவையும் முதல்ல அவிச்செடுத்து, பிறகுதான் பாகை நாள் நாளாத் தடிப்பாக்கி ஊறவிடுவினம்.

உரிக்கிறபோது உடையும், கவலைப்படவேண்டாம். பிரான்சில ஆர்தேஷ் பக்கத்தில கிளெமோன் ஃபோஜியே எண்டவர் 1885 இல கஷ்கொட்டைக் களி செய்யத் தொடங்கினது மரோன் கிளாசேயில உடைஞ்ச துண்டுகளை வீணாக்காமல்தான். அந்த டின் இப்பவும் இங்க கடை கடையா இருக்கு.

சாம்பல்தீவுக்குசினி:

கொழும்பில டின்னில வாற வாட்டர் செஸ்ட்நட் இதுதானோ?

லாச்சப்பல்வாசி:

இல்லை. அது தண்ணியில வளருற செடியின்ர கிழங்கு, எவ்வளவு அவிச்சாலும் நறுக் நறுக்கெண்டு இருக்கும். இதுக்குப் பதிலாப் போட ஏலாது.

கிண்ணியாராத்தா:

கறிக்கு நான் சொல்றேன் புள்ள. எங்கட மகன் இத்தாலியில இருக்கான், வரக்க ரெண்டு தரம் கொண்டுவந்தான். முதல் தரம் பலாக்கொட்டை மாதிரி முதற்பால் விட்டு வெள்ளக்கறி வெச்சேன். பாலும் இனிப்பு, இதுவும் இனிப்பு, ரெண்டு கரண்டிக்கு மேல திகட்டிப் போச்சு. அடுத்த தரம் கோழியோட பிரட்டல் போட்டேன், அதுதான் சரி. மிளகு, பெருஞ்சீரகம், கறுவா, ரம்பை, கறிவேப்பிலை, தூள் கொஞ்சம் உறைப்பா. கோழி வெந்து தண்ணி வத்துற நேரம் அவிச்ச கஷ்கொட்டையப் போட்டு ஏழெட்டு நிமிசம் மூடி வைங்க. முதலே போட்டா கரைஞ்சு குழம்பு களியாப் போயிடும். இறக்கின பொறகு தேசிக்காய்ப்புளி. உப்பு வழமைய விட கொஞ்சம் கூடவே தாங்கும்.

இனிப்புக்குக் கித்துள் கருப்பட்டி போடாதீங்க. வாசம் நல்லாத்தான் இருக்கும், ஆனா கஷ்கொட்டைட வாசத்த அமுக்கிரும். வெள்ளைச் சீனிதான் தோது.

உவர்மலைப்பிள்ளை:

ராத்தா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவும் நானும் குசினியில இருந்து உரிச்சம். முதல் நாலு சூடு தாங்கேலாமல் கைநழுவி விழுந்தது. அஞ்சாவதில கீறலுக்குக் கீழ கோதை மடக்கி இழுக்க, உள்தோல் வெல்வெட் மாதிரி ஒரே உரியா வந்தது. உள்ள இளமஞ்சள் பருப்பு, மூளை மாதிரி மடிப்பு மடிப்பா முழுசா நிண்டது. அடுப்பை நிப்பாட்டிக் கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டு இருந்தபோது தண்ணி ஆறிட்டுது, உடன தோல் ஒட்டத் தொடங்கினது. நீங்கள் சொன்னது கண்ணால தெரிஞ்சது. பழுதெல்லாம் கழிச்சு 700 கிராமுக்குக் கிட்டத் தேறினது.

முழுசா வந்ததைக் கோழிப் பிரட்டலுக்கு வைச்சன். உடைஞ்ச 400 கிராமளவைச் சூட்டோட மசிச்சு, 150 கிராம் சீனி, ஒரு கோப்பை முதற்பால், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு போட்டுத் தாச்சியில ஒட்டாத பதம் வரக் கிண்டினன். அம்மா ஒரு துண்டை வாயில வைச்சுட்டு, "வத்தாளங்கிழங்கும் பலாக்கொட்டையும் சேந்த மாதிரி இருக்கு" எண்டா. பிறகு தானே கையை நீட்டி இன்னொரு துண்டு கேட்டவ.

உரிச்சு அவிச்சதில ஒரு கைப்பிடி மிச்சம் இருக்கு. பிரிட்ஜில எத்தனை நாள் வைக்கலாம்?

லாச்சப்பல்வாசி:

கீழ்த்தட்டில மூடி வைச்சால் ரெண்டு மூண்டு நாள். பிரீசரில எண்டால் பையில காத்தில்லாமல் கட்டி வையுங்கோ, மாசக்கணக்கா இருக்கும். எடுத்து உருக விடாமல் நேராக் கறிக்குள்ள போடுங்கோ. அக்கா அடுத்தமுறை வரேக்க உரிச்சு அவிச்சுக் காத்தை எடுத்து அடைச்ச பையில வாறதை வாங்கிவரச் சொல்லுங்கோ. பொறுக்கினது கலக்கிற பயமும் இருக்காது.