ஜெர்மனில் நண்பரிடம் மணி கேட்பது: 'டூ' போட்டுப் பேசும்போது மரியாதை எங்கே வைப்பது?

வேகே_வாசி:
ஜெர்மன் ஏ1 (தொடக்கநிலை) முடித்தாயிற்று. வேகேயில் (பலர் பகிர்ந்து வாழும் வீட்டில்) கூட இருப்பவர்களிடம் எல்லாம் 'டூ' (நீ) தான். தமிழில் "மணி என்னன்னு சொல்லுங்க" என்றால் அந்த 'ங்க'விலேயே மரியாதை வந்துவிடுகிறது. ஜெர்மனில் அப்படி எதுவும் தெரியவில்லை. "ஸாக் மீர் டீ ஊர்ட்ஸைட்" (எனக்கு மணி சொல்லு) என்றால் அதட்டுவது போல இருக்குமா? "ஹாஸ்ட் டூ ட்ஸைட்?" சரியா? நேரம் சொல்லி ஒருவரை வரச் சொல்வதற்கும் இதே முறைதானா?

இலக்கணக்கிறுக்கு:
முதலில் அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். "ஸாக் மீர்..." அதட்டல்தான். "ஹாஸ்ட் டூ ட்ஸைட்?" என்றால் "உனக்கு இப்போது நேரம் இருக்கா, சும்மா இருக்கியா?" என்று பொருள். மணி சொல்லமாட்டார்கள், "எதுக்கு?" என்று கேட்பார்கள். ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்த "வாஸ் இஸ்ட் டீ ட்ஸைட்?" என்பதும் ஜெர்மனே அல்ல.

வீட்டில் சாதாரணமாக: "ஸாக் மால், வீ ஷ்பேட் இஸ்ட் எஸ்?" (சொல்லேன், மணி என்ன?) 'மால்' சேர்ந்ததும் கட்டளைத் தொனி போய்விடும்.
கொஞ்சம் பணிவாக: "வைஸ்ட் டூ, வீ ஷ்பேட் எஸ் இஸ்ட்?" (மணி என்னன்னு தெரியுமா?)
இன்னும் பணிவாக: "க்யொன்டெஸ்ட் டூ மீர் ஸாகன், வீ ஷ்பேட் எஸ் இஸ்ட்?" (மணி என்னன்னு சொல்ல முடியுமா?)

பணிவு 'டூ'வில் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. 'கன்ஸ்ட்' (முடியுமா) என்பதை 'க்யொன்டெஸ்ட்' ஆக்கினால் போதும், 'டூ' அப்படியே இருக்கலாம். 'க்யொன்டெஸ்ட்'டில் வரும், மேலே இரண்டு புள்ளி வைத்த ö எழுத்துக்குத் தமிழில் வடிவம் கிடையாது. வாய்க்குள் 'எ' சொல்லியபடி உதட்டை மட்டும் 'ஒ'வுக்குக் குவியுங்கள். புள்ளி இல்லாமல் 'கொன்டெஸ்ட்' என்று சொன்னால் "உன்னால் முடிந்ததா?" என்று இறந்தகாலம் ஆகிவிடும். போனில் புள்ளி அடிக்க முடியாவிட்டால் 'ஓ'வுக்குப் பின்னால் 'ஈ' சேர்த்து oe என்று எழுதலாம்.

கவனித்தீர்களா, நேர்க்கேள்வியில் "இஸ்ட் எஸ்", உள்ளே போனதும் "எஸ் இஸ்ட்". அங்கே வினை கடைசிக்குப் போகிறது. வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நாமே இதில் தடுக்கி விழுவது வேடிக்கைதான், ஆங்கிலம் குறுக்கே வருவதால் இருக்கும். முன்னொட்டு தனியே பிரிந்து நிற்கும் வினை என்றால் அது ஒட்டிக்கொள்ளும்: "வன் கொம்ட் டேர் ட்ஸூக் ஆன்?" (ரயில் எப்போது வரும்?) என்பது "வைஸ்ட் டூ, வன் டேர் ட்ஸூக் ஆன்கொம்ட்?" ஆகும். ஆமா-இல்லை கேள்விக்கு 'ஒப்' போடுங்கள்: "வைஸ்ட் டூ, ஒப் டேர் லாடன் உம் ஆக்ட் நொக் அவுஃப் இஸ்ட்?" (கடை எட்டு மணிக்கும் திறந்திருக்குமா?)

பாதி_எட்டு:
கேட்பதைவிடப் பதிலைப் புரிந்துகொள்வதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். "ஹால்ப் ஆக்ட்" (பாதி எட்டு) எட்டரை இல்லை, ஏழரை. எட்டை நோக்கிப் பாதி தூரம் வந்திருக்கிறது என்று கணக்கு. 'ஃப்யூன்ஃப்' ஐந்து, 'ஃபோர்' முன், 'நாக்' பின்: "ஃப்யூன்ஃப் ஃபோர் ஹால்ப் ஆக்ட்" 7.25, "ஃப்யூன்ஃப் நாக் ஹால்ப் ஆக்ட்" 7.35.

'ஃபியர்டல்' கால், 'ஸீபன்' ஏழு: "ஃபியர்டல் நாக் ஸீபன்" 7.15, "ஃபியர்டல் ஃபோர் ஆக்ட்" 7.45. இது எங்கும் செல்லும். ஆனால் ஜெர்மனியின் கிழக்கே சாக்சனி, துரிங்கியா பக்கமும் தெற்கில் பல இடங்களிலும் வெறும் "ஃபியர்டல் ஆக்ட்" என்றால் 7.15, "ட்ரைஃபியர்டல் ஆக்ட்" என்றால் 7.45. 'நாக்', 'ஃபோர்' எதுவும் காதில் விழவில்லையா, உடனே திருப்பிக் கேளுங்கள்: "ஆல்ஸோ ஸீபன் ஊர் ஃப்யூன்ஃப்ட்ஸேன்?" (அப்போ ஏழு பதினைந்தா?) இலக்கத்தில் சொன்னால் குழப்பம் தீர்ந்தது. ரயில் அறிவிப்பு எல்லாம் 24 மணிக் கணக்கில்தான்: "நொய்ன்ட்ஸேன் ஊர் ட்ரைஸிக்" (19.30). அந்தக் கணக்கில் 'ஹால்ப்' வராது.

உம்_ஆம்:
வரச் சொல்வதற்கும் அதே 'க்யொன்டெஸ்ட்' தான்: "க்யொன்டெஸ்ட் டூ உம் ஹால்ப் ஸீபன் டா ஸைன்?" (ஆறரைக்கு இங்கே இருக்க முடியுமா?) நேரத்தை அவர் விருப்பத்துக்கு விட: "பஸ்ட் டீர் ஹால்ப் ஸீபன்?" (உனக்கு ஆறரை சரிப்படுமா?) இதில் 'டீர்' (உனக்கு), 'டிஷ்' (உன்னை) அல்ல. தள்ளிப்போட: "க்யொன்டன் வீர் உன்ஸ் ஐன ஹால்ப ஷ்டுண்ட ஷ்பேட்டர் ட்ரெஃபன்?" (அரை மணி தள்ளிச் சந்திக்கலாமா?)

'இத்தனை மணிக்கு' என்றால் முன்னால் 'உம்', கிழமைக்கு 'ஆம்': "ஆம் மோன்டாக் உம் ஆக்ட்" (திங்கள் எட்டு மணிக்கு). சுமாராக எட்டு என்றால் 'கேகன் ஆக்ட்'. சொன்ன நேரத்துக்கே வரவேண்டும் என்றால் அதைச் சொல்லாதீர்கள். ஒரு மணி "ஐன் ஊர்" அல்லது வெறும் "ஐன்ஸ்". "ஐன ஊர்" என்றால் ஒரு கடிகாரம்.

வேகே_வாசி:
நன்றி. 'பிட்ட' (தயவுசெய்து) எங்கே போடுவது? எல்லாவற்றிலும் சேர்க்கலாமா?

இலக்கணக்கிறுக்கு:
'மீர்'க்கு அடுத்து: "க்யொன்டெஸ்ட் டூ மீர் பிட்ட ஸாகன்..." எல்லாவற்றிலும் வேண்டாம். "ஸாக் மால்" வாக்கியத்தில் தேவையே இல்லை. கூட இருப்பவரிடம் 'க்யொன்டெஸ்ட்', 'ஃபீலைஷ்ட்' (ஒருவேளை), 'பிட்ட' மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கினால் ஏதோ கோபத்தில் குத்திப் பேசுவது போலத் தோன்றலாம்.