முன்சக்கரம் இழுக்கும் காருக்குப் பின்னால் ஸ்பாய்லர் எதற்கு?

டீசல்பிரியன்:
தங்கை மகன் புதிதாக வாங்கிய செடானில் டிக்கி மேல் ஸ்பாய்லர் (காற்றோட்டத்தை மாற்றும் இறக்கை போன்ற பட்டை) மாட்டப் போகிறானாம். "கிரிப் கூடும், மழையில் வழுக்காது" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன். அவன் கார் ஃப்ரன்ட் வீல் டிரைவ். இன்ஜின் சக்தி ரோட்டில் இறங்குவது முன்டயர் வழியாக. பின்னால் அழுத்தி என்ன பயன்? போதாததற்கு ஸ்பாய்லர் இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். அங்கே அழுத்தினால் மூக்கு தூக்கும். இரண்டு அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர், ஸ்பாய்லர் பின் அச்சிலிருந்து 0.6 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். 40 கிலோ அழுத்தினால் பின்டயருக்கு 50 கிலோ கூடும், முன்டயரில் 10 கிலோ குறையும். இழுக்கிற டயரின் பிடிப்பைக் குறைப்பதற்குக் காசு கொடுக்க வேண்டுமா? இந்த மாதிரிக் காரில் ஸ்பாய்லர் அலங்காரம்தான்.

மலைச்சாலை:
மறுக்கிறேன் அண்ணா. ஆடி டிடி முதல் தலைமுறையைப் பாருங்கள். 1998-ல் வந்த கார். கூரையிலிருந்து பின் பம்பர் வரை ஒரே வழுவழுப்பான வளைவு, டிக்கி விளிம்பில் ஒன்றுமே கிடையாது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஜெர்மனியின் ஆட்டோபான் என்கிற அதிவேக நெடுஞ்சாலையில் 180 கிமீ-க்கு மேல் போய்க்கொண்டே சட்டென்று லேன் மாற்றும்போது சிலருக்குப் பின்பக்கம் விலகிக் கார் சுழன்றது. உயிர்களும் போயின. காரணங்களில் ஒன்று அந்த வளைவு. அதைத் தழுவிக்கொண்டு காற்று வேகமாக இறங்கும்போது மேலே அழுத்தம் குறைகிறது, கார் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது, பின்டயர் மீதான எடை குறைகிறது. அப்புறம் நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்து டிக்கி விளிம்பில் சின்ன ஸ்பாய்லர் வைத்துக் கொடுத்தது.

டிடியில் நான்கு சக்கரமும் இழுக்கும் குவாட்ரோ வகை உண்டு என்றாலும் அடிப்படை மாடல் ஃப்ரன்ட் வீல் டிரைவ்தான். எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது முடுக்கும்போதுதான் முக்கியம். திருப்பத்தில் நான்கு டயரும் பக்கவாட்டில் பிடித்தாக வேண்டும். முன்டயர் விட்டால் கார் நேராக ஓடும், பின்டயர் விட்டால் சுழலும். இரண்டாவதுதான் சாதாரண ஓட்டுநரால் சமாளிக்க முடியாதது. இழுவையை மட்டும் வைத்துப் பேசினால் பாதிக் கதைதான் வரும்.

டீசல்பிரியன்:
தம்பி, மீதிக் கதையை நீங்கள் விட்டுவிட்டீர்கள். அந்தத் திரும்ப அழைப்பில் சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள், இஎஸ்பியும் (கார் சறுக்கினால் சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்துச் சமாளிக்கும் மின்னணு அமைப்பு) சேர்த்தார்கள். மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டு ஸ்பாய்லருக்கு மட்டும் மாலை போட முடியாது. அடுத்தது வேகம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். தூக்குவிசைக் கெழு (காரின் வடிவம் காற்றில் எவ்வளவு தூக்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.2, முன்பரப்பு 2 சதுர மீட்டர் என்று வைத்தால் 180 கிமீ வேகத்தில் சுமார் 60 கிலோ தூக்கும். அதே கார் 90-ல் போனால் 15 கிலோதான். டிக்கியில் ஒரு மூட்டை அரிசி வைத்தாலே அதைவிட எடை. பையன் ஆட்டோபானிலா ஓட்டப் போகிறான்?

மலைச்சாலை:
கணக்கு சரி. ஆனால் போர்ஷே 911-ன் 964 மாடலில் பின் ஸ்பாய்லர் 80 கிமீ வேகத்திலேயே தானாக எழும்பும். 90-ல் ஒன்றுமில்லை என்றால் ஏன் அப்படி வைத்தார்கள்?

டீசல்பிரியன்:
இன்ஜின் பின்னால் இருக்கிற கார் அது. ஸ்பாய்லர் எழும்பும்போது இன்ஜினைக் குளிர்விக்கும் காற்றும் கூடுதலாக உள்ளே போகும். அதைச் செடானுக்கு உதாரணமாகக் காட்டுவது பொருந்தாது.

பட்டறைக்காரன்:
இருவருமே ஸ்பாய்லர் வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறீர்கள். அது எதில் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. காற்று ஸ்பாய்லரை அழுத்தினால் அந்த விசை டிக்கி மூடிக்கும், அங்கிருந்து கீல், பாடி, சஸ்பென்ஷன் வழியாக டயருக்கும் போக வேண்டும். எங்களிடம் வருகிற வண்டிகளில் பாதி இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியவை. மீதியில் மூடித் தகட்டில் துளை போட்டு ஸ்க்ரூ முறுக்கியிருப்பார்கள், உள்பக்கம் ஒரு பட்டை கூட வைக்காமல். துளையைச் சுற்றித் தகடு நெளிந்து, பெயின்ட் வெடித்து, மழைத்தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருக்கும்.

பந்தயக் காரிலேயே இது நடந்திருக்கிறது. 1969 ஸ்பானிஷ் கிராண்ட் ப்ரீ என்ற ஃபார்முலா ஒன் பந்தயம், பார்சிலோனாவின் மோன்ஜுயிக் பாதை. லோட்டஸ் அணிக் கார்களின் உயரமான பின் இறக்கைகள் ஓட்டத்தின் நடுவிலேயே முறிந்தன. அந்த அணியின் ஓட்டுநர்களான கிரஹாம் ஹில் முதலில், யோக்கன் ரிண்ட் பிறகு, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் மோதினார்கள். ரிண்டுக்கு நல்ல காயம். அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர இறக்கைகளுக்குத் தடை வந்தது. ஃபார்முலா ஒன்னுக்கே அந்த கதி என்றால், டேப்பில் ஒட்டியது 120-ல் பிய்ந்து பின்னால் பைக்கில் வருகிறவர் மேல் விழுந்தால்?

மலைச்சாலை:
இதை முழுக்க ஏற்கிறேன் அண்ணா. நான் பேசுவது தயாரிப்பாளரே காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வைக்கும் ஸ்பாய்லரை. ஹாட்ச்பேக்கின் கூரை விளிம்பில் நீட்டிக்கொண்டிருப்பதும் அந்த வகைதான். காற்று கண்ட இடத்தில் பிரியாமல் அந்த விளிம்பில் சுத்தமாகப் பிரியும், அதனால் காற்றுத்தடையும் குறையலாம். கடையில் வாங்கி ஒட்டுவதை வைத்து அதையும் அலங்காரம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

டீசல்பிரியன்:
கம்பெனியே வைத்ததைக் கழற்றச் சொல்ல நான் வரவில்லை. பையன் கேட்டது மழைக்கு. மழையில் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் புகுந்தால் அதை வெளியே தள்ளுவது டயரின் பள்ளங்கள்தான். சட்டப்படி 1.6 மிமீ ஆழம் இருந்தால் போதும், ஆனால் 3 மிமீக்குக் கீழே போனாலே மழையில் வித்தியாசம் தெரியும். ஸ்பாய்லருக்கு எடுத்துவைத்த பணத்தை அடுத்த டயர் மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன்.

பட்டறைக்காரன்:
டயரில் காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்று குறைவாக இருந்தால் தண்ணீர் மேல் மிதப்பது இன்னும் சீக்கிரம் நடக்கும்.