தலைக்கு மேல் இருந்த ஜன்னல்கள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதங்களில், நான் அதிக நேரம் கழித்தது அந்தச் சிற்றூரின் பொது நூலகத்தில்தான். நூறாண்டைக் கடந்த செங்கல் கட்டடம். முதல் நாளே இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஜன்னல்கள் அத்தனையும் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. நல்ல வெயில் நேரத்திலும் உள்ளே விளக்கு எரிந்தது. கட்டட வேலையிலேயே காலம் கழித்தவன் நான். காரணம் தெரியாமல் மனம் அமையவில்லை.

நூலகரான அம்மையாரிடம் கேட்டேன். அவர் எழுந்து வந்து, “ஜன்னலை விடுங்கள், அதற்குக் கீழே பாருங்கள்” என்றார். சுவர் நெடுகிலும் இடைவெளி இல்லாமல் புத்தக அலமாரிகள்! எஃகுத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி கொடுத்த பணத்தில் எழுந்த நூலகம் அது. அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம், ஊர்க்காரர்கள் அலங்காரத்தில் பணத்தைக் கரைப்பதைப் பார்த்துச் சலித்து, 1911இல் கட்டடக் குறிப்புகளை அச்சிட்டு அனுப்பத் தொடங்கினார். ஜன்னலைத் தரையிலிருந்து சுமார் ஆறடிக்கு மேல் வையுங்கள், கீழே அலமாரி நிற்கட்டும் என்பது அவற்றில் ஒன்று.

அமெரிக்காவில் மட்டும் 1,600க்கும் மேற்பட்ட நூலகங்கள் கார்னகியின் பணத்தில் எழுந்திருக்கின்றன. மாநிலங்களில் இண்டியானாவுக்கே மிக அதிகம். ஆனால் இடத்தை ஊர்தான் கொடுக்க வேண்டும். நன்கொடையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே நூலகத்துக்குச் செலவிடவும் வேண்டும். கொடையைவிட இந்த நிபந்தனைதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டித் தருபவர்கள் எங்கும் உண்டு. நடத்தும் பொறுப்பை ஊராரிடமே ஒப்படைத்துவிட்டுப் போகிறவர்கள் அரிது.

வடக்குச் சுவரைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. செங்கற்களின் முகம் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. எப்போதோ யாரோ நல்லெண்ணத்தோடு பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு, செங்கல் இடுக்குகளில் சிமென்ட் வைத்துப் பூசி, பாயிண்டிங் செய்திருக்கிறார்கள். சுண்ணாம்பு மென்மையானது, சுவரில் இறங்கிய ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து, விரிந்து, மேல்தோலைப் பிளந்து தள்ளுகிறது. பழுது பார்த்ததே பழுதாகிப்போன சுவர் அது. பழைய கட்டடத்தில் கை வைப்பவர்கள் தயவுசெய்து முதலில் பழைய சாந்து எது என்று சோதித்துப் பாருங்கள்.

வாசற்படிகள் இன்னொரு சிக்கல். சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி ஏறுவார்? மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அந்த ஊர் கட்டடத்தின் பின்புறம் லிஃப்ட் வைத்துவிட்டது. முகப்பு அப்படியே இருக்கிறது. நல்ல முடிவு.

பகலில் எரிந்த விளக்குக்குக் காரணம் கடைசி வாரத்தில் தெரிந்தது. ஒழுகல் பார்க்க வந்த பணியாளர்கள் ஒரு மூலையில் ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றினார்கள். அதற்கு மேலே பழைய சுதை வேலைப்பாடு, அதோடு ஒவ்வொரு ஜன்னலின் மேல்பாதியும் ஒளிந்துகிடந்தது. சூடேற்றும் செலவைக் குறைக்க முன்பு எப்போதோ மூடியதாம். அம்மையார் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, கழற்றியதைத் திரும்ப மாட்ட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டார்.

நான் ஊர் திரும்பும்வரை, அந்த மூலையில் மட்டும் மாலை நான்கு மணிக்கும் விளக்கில்லாமல் படிக்க முடிந்தது.