கன்சென்சஸ்: 'முடிவொருமை' எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பரவல் கணினியியல் (பல கணினிகள் வலையில் சேர்ந்து இயங்குவது பற்றிய துறை) கலைச்சொல் பட்டியலில் கன்சென்சஸுக்கு (consensus, அந்தக் கணினிகள் ஒரே முடிவை எட்டுவது) நேராக உள்ள 'கருத்தொருமிப்பு' மாற வேண்டும் என்பேன். அரசியலுக்கு அது அருமையான சொல். ஆனால் சர்வர்களுக்குக் கருத்து ஏது?

லத்தீன் வேரின்படி பொருள் 'சேர்ந்து உணர்தல்'. கன்சென்ட்டும் அதே வேர்தான். (சென்சஸ் இதற்கு உறவில்லை. மதிப்பிடுதலைக் குறிக்கும் வேறொரு வினையிலிருந்து வந்தது.) வேரைப் பிடித்துப் போனால் 'உடனுணர்வு' என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கணினிக்கு வந்தபோது உணர்தல் கழன்றுவிட்டது, முடிவு மட்டும்தான் மிஞ்சியது.

சர்வர்கள் ஒரே முடிவை எட்டுவதற்கென்று 2014-இல் வெளியான ராஃப்ட் (Raft) நெறிமுறையையே பாருங்கள். ஐந்து சர்வர்கள். தலைமைச் சர்வர் ஒரு பதிவை மற்ற நான்குக்கும் அனுப்புகிறது. இரண்டு 'எழுதிக்கொண்டேன்' என்று பதில் சொன்னாலே தன்னோடு சேர்த்து மூன்று ஆகிவிடும், பதிவு உறுதி. மீதி இரண்டும் அணைந்து கிடந்தாலும் சரி. எல்லாரும் ஒருமிக்க வேண்டியதில்லை. உறுதியானதற்கு மாறாக வேறொன்றை எந்தச் சர்வரும் முடிவாக எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

'உடன்பாடு' போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. கன்சென்சஸின் வரையறையிலேயே மூன்று பண்புகள் உண்டு: முடிவெடுப்பவர் எல்லாரும் ஒன்றையே எடுப்பது, எடுத்த முடிவு யாரோ ஒருவர் முன்மொழிந்ததாக இருப்பது, பழுதில்லாத ஒவ்வொருவரும் எப்போதாவது முடிவை எட்டுவது. முதல் பண்பின் பெயரே அக்ரிமென்ட். 'உடன்பாடு' அதற்கு வேண்டும். முழுமைக்கும் பகுதிக்கும் ஒரே சொல் வைத்தால் பாடம் எழுதுபவர் திண்டாடிப் போவார். 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் நிறுவிய தேற்றத்தை எப்படி விளக்குவது? செய்தி வந்துசேரக் காலவரம்பில்லாத அமைப்பில் ஒரே ஒரு கணினி நின்றுபோகலாம் என்றாலும், தற்செயலை நாடாத எந்தப் படிமுறையாலும் கன்சென்சஸுக்கு உறுதி தர முடியாது என்கிறது அது. உடன்பாட்டைக் காப்பாற்றிக்கொண்டே மூன்றாம் பண்பில் மாட்டிக்கொள்ளலாம். முழுமைக்கும் உடன்பாட்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தால்தான் இதைச் சொல்லவே முடியும்.

கன்சென்சஸுக்கு 'ஒருமுடிவு' என்றும் சொல்லலாம், சுருக்கமானதுதான். ஆனால் தட்டச்சில் ஓர் இடைவெளி விழுந்தால் 'ஒரு முடிவு' ஆகிவிடும், கலைச்சொல்லே காணாமல் போகும். அதனால் 'முடிவொருமை'. முடிவொருமை நெறிமுறை, முடிவொருமை எட்டுதல் என்று கூட்டுச்சொல்லுக்கும் வினைக்கும் இடம் தருகிறது. மூன்றாம் பண்பை 'முடிவுறுதல்' என்றால் இதோடு மோதும், அதை 'நிறைவுறுதல்' என்று வைக்கலாம். இரண்டாம் பண்புக்கு 'ஏற்புடைமை' சரியாக இருக்குமா? அதில் உங்கள் கருத்து வேண்டும்.