பிஎஸ்4 டிஸ்க்கை பிஎஸ்5ல போட்டா அதே ஃபுட்பால் கேம்தானா, இல்ல வேற கேமா?

இடது_விங்கர்

வணக்கம் மக்களே. இப்பதான் பிஎஸ்4ல (பிளேஸ்டேஷன் 4) இருந்து பிஎஸ்5க்கு மாறியிருக்கேன், டிஸ்க் டிரைவ் உள்ள மாடல். கைல எஃப்சி 24 (முன்னாடி ஃபிஃபான்னு வந்த அதே ஃபுட்பால் கேம் தொடர்) பிஎஸ்4 டிஸ்க் இருக்கு. போட்டேன், ஓடுது, லோடிங் முன்னைக்கு இப்ப சீக்கிரம் முடியுது, ஆனா மேட்ச் ஆரம்பிச்சதும் மைதானம், ஆளுங்க ஓடுறது, பந்து உருளுறது எல்லாம் அப்படியே பழசுதான். புது கண்ட்ரோலர்ல ட்ரிகர் இறுகும், கைல ஃபீல் தெரியும்னு சொல்றாங்களே, அது ஒண்ணும் வரல.

இன்னொரு விஷயம், இங்கிலாந்து கிளப் சண்டர்லேண்ட் வச்சு கேரியர் மோட்ல (ஒரு கிளப்பை சீசன் சீசனா நாமே நடத்துற மோட்) ரொம்ப தூரம் வந்துட்டேன், அகாடமில இருந்து எடுத்த பசங்கதான் இப்ப டீமே. அந்த சேவ் பிஎஸ்5 வெர்ஷனுக்கு வருமா? அப்புறம் தம்பி கூட உட்கார்ந்து ஆடணும், பழைய பிஎஸ்4 கண்ட்ரோலர் ரெண்டு நல்லாவே இருக்கு, அது போதுமா?

முக்கியமான கேள்வி இதுதான். கிராஃபிக்ஸ் மட்டும் மாறுதுன்னா எனக்கு செலவு பண்ண மனசில்ல. ஆட்டம் மாறுதா? ஆடுறவன் கைக்கு வித்தியாசம் தெரியுதா? அதை மட்டும் ஆடினவங்க சொல்லுங்க.

ஆஃப்சைட்_ட்ராப்

ப்ரோ, நீங்க ஆடுறது பிஎஸ்4 வெர்ஷன்தான், பிஎஸ்5க்குள்ள ஓடுது அவ்வளவுதான். பேர் ஒண்ணு, அட்டைப்படம் ஒண்ணு, உள்ள இருக்குறது ரெண்டு தனி கேம். டிஸ்க் மேல பிஎஸ்4னு இருந்தா அது பிஎஸ்4 வெர்ஷனைத்தான் இன்ஸ்டால் பண்ணும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. 2024 மே மாசம் பிளேஸ்டேஷன் பிளஸ்ல எஃப்சி 24 குடுத்தாங்க. அப்ப உங்களுக்கு சந்தா இருந்து லைப்ரரில சேர்த்து வச்சிருந்தா, இப்பவும் சந்தா ஓடிட்டிருந்தா, பிஎஸ்5 வெர்ஷன் உங்க கணக்குலயே இருக்கும், டவுன்லோட் பண்ணா போதும். நிறைய பேர் சேர்த்து வச்சிட்டு மறந்தே போயிருப்பாங்க.

கேரியர் சேவ் வராது. ஃபிஃபா 21ல இருந்தே இதுதான் நிலைமை, அல்டிமேட் டீம் (கார்டு சேர்த்து டீம் கட்டுற ஆன்லைன் மோட்) சர்வர்ல இருக்குறதால பிஎஸ்4க்கும் பிஎஸ்5க்கும் ஒரே கிளப்பா தொடரும், கேரியர் மட்டும் எந்த வெர்ஷன்ல ஆரம்பிச்சீங்களோ அதுலயே நிக்கும். அதனால பிஎஸ்4 வெர்ஷனை அழிச்சிடாதீங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கலாம், சண்டர்லேண்டை அதுலயே ஆடி முடிங்க.

கண்ட்ரோலர் விஷயம் கவனமா கேளுங்க. பழைய டூயல்ஷாக் 4, அதாவது உங்க பிஎஸ்4 கண்ட்ரோலர், பிஎஸ்5ல வேலை செய்யும், ஆனா பிஎஸ்4 கேமுக்கு மட்டும். பிஎஸ்5 வெர்ஷனை திறந்தா அதை ஏத்துக்காது. தம்பியோட பிஎஸ்5 வெர்ஷன்ல ஆடணும்னா இன்னொரு டூயல்சென்ஸ் (பிஎஸ்5 கண்ட்ரோலர்) வாங்கித்தான் ஆகணும், அது லேசான விலை இல்ல. இதையும் சேர்த்து கணக்கு போடுங்க.

த்ரூபால்_பித்தன்

ஆட்டம் மாறுதான்னு கேட்டதால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க, இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா ஒரு கருத்து இருக்கு. புது கன்சோல் வந்த முதல் வருஷம் வர்ற ஃபுட்பால் கேமை நம்பி யாரும் காசு போடக்கூடாது. ரெண்டாவது வருஷம் பாருங்க, முடிஞ்சா மூணாவது வருஷம் பாருங்க.

2005 கடைசில எக்ஸ்பாக்ஸ் 360 வந்தப்போ கூடவே வந்தது ஃபிஃபா 06 ரோட் டு வேர்ல்ட் கப். அதுல கிளப்பே கிடையாது, வெறும் தேசிய அணிகள். அதே வருஷம் பிஎஸ்2ல வந்த ஃபிஃபா 06ல லீக், கிளப், கேரியர் எல்லாம் இருந்துச்சு. புது மெஷின் வாங்கினவன் குறைச்சலான கேம் ஆடினான். அப்புறம் பிஇஎஸ் 2008, ஃபிஃபாவுக்கு போட்டியா கொனாமி கம்பெனி விட்ட ஃபுட்பால் கேம், பிஎஸ்3ல. பிஎஸ்2ல வெண்ணெய் மாதிரி ஓடின தொடர் அது, பிஎஸ்3ல பெனால்டி பாக்ஸ்ல கூட்டம் கூடினாலே திணறி ஸ்லோ ஆச்சு, 360 வெர்ஷன் அதைவிட தேவலாம்னு சொன்னாங்க. கொனாமி அந்த தலைமுறை முழுக்க அந்த அடில இருந்து எழவே இல்லங்குறது என் எண்ணம். ஃபிஃபா அந்த இடைவெளில மெல்ல மெல்ல மேல வந்து, பிஇஎஸ் ஆடிட்டிருந்த பாதி பேரை இழுத்துட்டு போயிடுச்சு, நானும் அதுல ஒருத்தன்.

2013ல பிஎஸ்4 வந்தப்போ கதை கொஞ்சம் வேற. ஃபிஃபா 14 இக்னைட்ங்குற புது எஞ்சினோட (கேமை ஓட்டுற அடிப்படை மென்பொருள்) வந்துச்சு, ரசிகர் கூட்டம் அட்டைப் படம் மாதிரி இல்லாம 3டி ஆச்சு, கார்னர்ல ஒரே நேரத்துல நிறைய பேர் எம்ப ஆரம்பிச்சாங்க, அது நல்ல தொடக்கம்தான், ஒத்துக்குறேன். ஆனா அதே வருஷம் பிஇஎஸ் 2014 புது ஃபாக்ஸ் எஞ்சின்னு சொல்லிட்டு பிஎஸ்4க்கு வரவே இல்ல, பிஎஸ்3லயும் 360லயும் பிசிலயும்தான் வந்துச்சு. பிஎஸ்4க்கு பிஇஎஸ் 2015 வரைக்கும் காத்திருந்தோம்.

பிஎஸ்5 காலத்துல நடந்ததுதான் என்னால இன்னும் தாங்க முடியல. புது தலைமுறைக்கு நேரம் வேணும்னு சொல்லி பிஇஎஸ் 2021ஐ வெறும் சீசன் அப்டேட்டா விட்டாங்க. சரி, பெருசா ஏதோ வருதுன்னு நம்பினோம். 2021 செப்டம்பர் 30 அன்னைக்கு பிஇஎஸ்க்கு பதிலா ஈஃபுட்பால் 2022 வந்துச்சு, இலவசம், அன்ரியல் எஞ்சின், எல்லா மெஷினுக்கும் ஒரே கேம். ஒன்பதே டீம், மெஸ்ஸி ரொனால்டோ முகம் பார்த்து ஊரே பேசிச்சு, பிசி கேம் விக்கிற ஸ்டீம்ல மோசமான ரேட்டிங் வாங்கின கேம்கள் வரிசைல மேல போய் நின்னுச்சு, மறுநாளே கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு. ஒழுங்கான 1.0 வெர்ஷன் வர 2022 ஏப்ரல் ஆச்சு. பிஎஸ்5, பிஎஸ்4, மொபைல் எல்லாத்துக்கும் ஒரே அடித்தளம் போடணும்னு போனதுல புது மெஷினோட பலம் எங்கயுமே தெரியாம போச்சு. பிஇஎஸ்ல அந்த த்ரூபால் குடுத்து வளர்ந்தவங்களுக்கு அந்த நாள் எப்படி இருந்துச்சுன்னு சொல்லி புரிய வைக்க முடியாது.

இடது_விங்கர்

கண்ட்ரோலர் விஷயம் சுத்தமா தெரியாது ஆஃப்சைட் ப்ரோ, நல்ல வேளை சொன்னீங்க. பிளஸ் சந்தா அப்ப இல்ல.

பித்தன் அண்ணா, அப்ப ஃபிஃபா பக்கம் பிஎஸ்5ல எந்த வருஷம் உண்மையிலேயே மாறுச்சு? 21ஆ 22ஆ?

கீழ்_டிவிஷன்_மேனேஜர்

இதுக்கு நான் சொல்றேன், நானும் கேரியர் மோட் ஆளுதான்.

21ல மாறல. பிஎஸ்4ல 2020 அக்டோபர்ல வந்த அதே கேமை டிசம்பர்ல பிஎஸ்5ல குடுத்தாங்க, பிஎஸ்4ல வாங்கினவங்களுக்கு இலவசமா மாத்திக்கவும் விட்டாங்க, அது நல்ல காரியம். வெளிச்சம், முடி, துணி மடிப்பு எல்லாம் அழகாச்சு, மேட்ச் சட்டுனு லோட் ஆச்சு, ஆள் களைச்சா ஸ்பிரிண்ட் ட்ரிகர் இறுகும். ஆனா கால்ல பந்து வந்ததுக்கு அப்புறம் அது பிஎஸ்4 ஆட்டம்தான். பித்தன் சொன்ன முதல் வருஷ கதைக்கு இதுவும் பொருந்தும்.

22தான் திருப்பம். ஹைப்பர்மோஷன்னு பேர் வச்சாங்க, பேரை விடுங்க, உள்ள என்ன பண்ணாங்கங்குறது முக்கியம். அதுவரைக்கும் ஸ்டுடியோவுக்குள்ள ரெண்டு மூணு பேரை வச்சு ஒவ்வொரு அசைவா பதிவு பண்ணி, அதையெல்லாம் ஒட்டி ஆட்டம் பண்ணுவாங்க. 22க்கு நிஜ மைதானத்துல 22 ப்ரோ ஆட்டக்காரர்களுக்கும் சென்சார் சூட் மாட்டி முழு வேகத்துல மேட்ச் ஆட விட்டு பதிவு பண்ணாங்க. அதுல கிடைச்ச 87 லட்சம் ஃபிரேமை ஒரு மெஷின் லேர்னிங் புரோகிராம் படிச்சுது. பந்தை நெருங்குறப்போ கடைசி ரெண்டு எட்டை எப்படி வைக்கணும்னு அது அந்த நொடிலயே கணக்கு போட்டு காலை நகர்த்தும், ஏற்கனவே பதிவு பண்ணின அசைவை மட்டும் எடுத்து ஓட்டாது. இதுக்கு வேணும்கிற கணக்கு வேலை பிஎஸ்4க்கு தாங்காதுன்னு அதுல வைக்கவே இல்ல. எஃப்சி 24ல இதுக்கும் மேல போய் 180க்கும் அதிகமான நிஜ மேட்சுகள்ல கேமரா வழியா எடுத்த டேட்டாவை போட்டாங்க, அதுவும் பிஎஸ்4ல இல்ல.

கைக்கு என்ன தெரியும்னு கேட்டீங்கல்ல? உங்க சென்டர் பேக் திரும்புறதுக்கு நேரம் எடுப்பான். ஓடிட்டே பந்தை வாங்குறவனோட உடம்பு சாய்வு தெரியும், எந்தக் காலால வாங்குறான்னு பார்த்து அடுத்த பாஸை யோசிக்கலாம். ஹெட்டருக்கு ரெண்டு பேர் எம்பினா உண்மையிலேயே இடிச்சு தள்ளுவாங்க. பிஎஸ்4 வெர்ஷன்ல லாங் பால் போட்டு வேகமான விங்கரை ஓட விட்டா பாதி கோல் வந்துடும், இங்க டிஃபென்ஸ் லைன் ஒண்ணா பின்னாடி போகும், அவ்வளவு சுலபமா விடாது. கீழ் டிவிஷன் டீம் வச்சு ஆடுற நமக்கு இதுதான் பொக்கிஷம், ஏன்னா மெதுவான டீமும் ஒழுங்கா நின்னா ஜெயிக்க முடியுது. சண்டர்லேண்டை புதுசா ஆரம்பிச்சா உங்களுக்கே தெரியும்.

ஸ்பீடு_95

மேனேஜர் சொன்னதெல்லாம் சரி, ஆனா அது எல்லாருக்கும் நல்லதுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். எனக்கு அந்த கனம் பிடிக்கல. பட்டன் அமுக்கினதும் ஆள் திரும்பணும், அதான் எனக்கு வீடியோ கேம். பிஎஸ்5 வெர்ஷன்ல அழகான அசைவை முடிச்சுட்டுதான் பாஸே போகுது, அதுக்குள்ள எதிராளி வந்து நிக்குறான். ஆன்லைன்ல நேருக்கு நேர் ஆடுறவனுக்கு அந்த அரை நொடி பெரிய விஷயம். நிஜ மைதானம் மாதிரி இருக்குங்குறது ஒரு பக்கம், ஆடுறவன் நினைச்சது நடக்கணும்ங்குறது இன்னொரு பக்கம்.

இன்னொண்ணு, உங்க நண்பர்கள் எந்த மெஷின்ல இருக்காங்கன்னு பாருங்க. பிஎஸ்5 வெர்ஷன் வச்சுக்கிட்டு பிஎஸ்4ல இருக்குறவனோட ஆன்லைன்ல ஆட முடியாது. ஃபிஃபா 23ல கிராஸ்பிளே (வேற வேற மெஷின்காரங்க ஒண்ணா ஆடுறது) வந்தப்போ பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி ஒரு கூட்டம், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் தனி கூட்டம்னு பிரிச்சாங்க. எங்க செட்ல பாதி பேர் இன்னும் பிஎஸ்4, அதனால நான் பிஎஸ்5லயே பிஎஸ்4 வெர்ஷன் போட்டு அவங்களோட ஆடுறேன். ஆட ஆள் இல்லாம நல்ல கேம் வச்சு என்ன பண்றது.

கீழ்_டிவிஷன்_மேனேஜர்

ஸ்பீடு, நீங்க சொல்ற அந்த தாமதம் 22, 23ல எனக்கும் எரிச்சலாதான் இருந்துச்சு, மறுக்கல. ஆனா எஃப்சி 26ல ஆட்டத்தையே ரெண்டா பிரிச்சுட்டாங்க பாருங்க, ஆன்லைனுக்கு காம்பெடிட்டிவ், கேரியர் மாதிரி ஆஃப்லைன் மோடுக்கு ஆத்தென்டிக்னு. உங்க ஆசையும் என் ஆசையும் ஒரே ஆட்டத்துல அடங்காதுன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதான். எனக்கு இது முன்னாடியே வந்திருக்கணும்.

பிசி_கோல்கீப்பர்

பிசில ஆடுறவங்க நிலைமையையும் சொல்லிடுறேன், யாராவது இதைப் படிச்சு உபயோகமாகும். ஒவ்வொரு தலைமுறைலயும் எங்களை கடைசிலதான் கூப்பிடுவாங்க. ஃபிஃபா 08, 09, 10 மூணும் பிசில பழைய எஞ்சின், 11லதான் பிஎஸ்3 ஆட்டம் எங்களுக்கு வந்துச்சு. ஃபிஃபா 14 மறுபடி பழசு, 15ல புதுசு. 21, 22 பழசு, 23ல புதுசு. எல்லார்கிட்டயும் நல்ல கம்ப்யூட்டர் இல்லன்னு காரணம் சொன்னாங்க, அதுல நியாயம் இருக்கு, ஆனா நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வச்சிருக்குறவனுக்கு செட்டிங்ல ஒரு வழி விட்டிருக்கலாமே.

த்ரூபால்_பித்தன்

அதையே பழைய கன்சோல் பக்கம் இருந்தும் பாருங்க. ஃபிஃபா 18, 19 ரெண்டும் பிஎஸ்3ல லெகசி எடிஷன்னு வந்துச்சு, ஜெர்சியும் ஆள் பட்டியலும் மாத்தி அதே பழைய ஆட்டம். ஸ்விட்ச்ல 20ல இருந்து 23 வரைக்கும் அதே கதை. பிஎஸ்4க்கு இன்னும் வருஷா வருஷம் கேம் வருது, எஃப்சி 26 கூட வந்துச்சு, ஆனா வளர்ச்சி எல்லாம் பிஎஸ்5 பக்கம்தான் நடக்குது. அதனால இடது_விங்கர் தம்பி, மெஷினே வாங்கிட்டீங்க, இதுக்கு மேல புதுசா எது வாங்கினாலும் பிஎஸ்4 டிஸ்க் மட்டும் வாங்காதீங்க, செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைச்சாலும் சரி. கடைல ரெண்டு அட்டையும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், மேல உள்ள பட்டை வெள்ளையா நீலமான்னு பாருங்க, வெள்ளைதான் பிஎஸ்5.

இடது_விங்கர்

எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிட்டேன். சண்டர்லேண்ட் கேரியரை பிஎஸ்4 வெர்ஷன்லயே ஆடி முடிக்கிறேன், தம்பியோட ஆடுறதும் இப்போதைக்கு அதுலதான், பழைய கண்ட்ரோலர் இருக்குறதால. எஃப்சி 26 பிஎஸ்5 டிஸ்க் விலை இறங்கினதும் எடுத்துட்டு ஆத்தென்டிக்ல புதுசா ஒரு கிளப். ரெண்டு கேமும் வச்சா இடம் பத்துமா? பிஎஸ்4ல மாட்டியிருந்த யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு இருக்கு.

ஆஃப்சைட்_ட்ராப்

தாராளமா பத்தும். பிஎஸ்4 வெர்ஷனை அந்த யுஎஸ்பி டிஸ்க்லயே போடுங்க, அங்க இருந்தே ஓடும். பிஎஸ்5 கேமை அதுல வச்சு ஆட முடியாது, சேமிச்சு வைக்க மட்டும்தான் விடும், அதனால பிஎஸ்5 உள்ள இருக்குற எஸ்எஸ்டியை (வேகமான சேமிப்பு டிரைவ்) எஃப்சி 26க்கு காலியா வச்சுக்கோங்க. சேவ் ஃபைலை யுஎஸ்பி வழியா பிஎஸ்4ல இருந்து எடுத்தாச்சுல்ல? இல்லன்னா பழைய மெஷினை விக்கிறதுக்கு முன்னாடி முதல்ல அதை முடிங்க.